மஞ்சள் தின்ற நீல ஒளி

மகள் பிறந்த மூன்றாம் நாள் அவள் கண்ணின் வெள்ளை மஞ்சளாகிவிட்டது. நாங்கள் மல்லசமுத்திரத்துக்காரர்கள், பிரசவம் சேலத்தில் ஒரு மருத்துவமனையில். இரத்தம் எடுத்துப் பார்த்த குழந்தை மருத்துவர், பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி கூடியிருக்கிறது, நீல விளக்கின் கீழே வைக்க வேண்டும் என்றார். டயாப்பரை மட்டும் விட்டுவைத்து, கண்களைத் துணிப்பட்டையால் மூடி, அவளைக் கண்ணாடித் தொட்டிலில் கிடத்தினார்கள். விளக்கைப் போட்டதும் உடம்பெல்லாம் நீலமாகிவிட்டது. மஞ்சள் இருக்கிறதா, போய்விட்டதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

என் கணவர் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வைத்திருப்பவர். பாறையைத் துளைத்துத் தண்ணீர் எடுக்கிறவருக்கு, ஊசியும் மருந்தும் இல்லாத வைத்தியம் பிடிபடவில்லை. மருந்து எப்போது கொடுப்பீர்கள் என்று நர்ஸிடம் கேட்டார். வெளிச்சம்தான் மருந்து என்று சொல்லிவிட்டு நர்ஸ் போய்விட்டார். கணவர் என் பக்கம் திரும்பினார்.

"நீ இதத்தானே பாடம் எடுக்கற. வெறும் வெளக்குல மஞ்சக் காமாலை எப்படிப் போகும்?"

நான் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. கரும்பலகையில் கீழே ஒரு கோடு, மேலே ஒரு கோடு, நடுவில் ஓர் அம்புக்குறி. எலக்ட்ரான் ஒளியை வாங்கிக்கொண்டு மேலே தாவுகிறது. ஆண்டுதோறும் வரைந்து அழித்த படம். கட்டிலில் சாய்ந்தபடி அதையே அவருக்குச் சொன்னேன். எலக்ட்ரான் எந்த ஒளி வந்தாலும் வாங்கிக்கொள்ளாது. தனக்குத் தோதான ஆற்றல் வந்தால்தான் எடுக்கும். பிலிருபினுக்குத் தோதானது நீலம். நீலத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடுவதால்தான் அது மஞ்சளாகத் தெரிகிறது. எலக்ட்ரான் மேலே போனதும் மூலக்கூறின் பிடி ஓரிடத்தில் தளர்ந்து, அது முறுக்கிக்கொள்ளும். முறுக்கிய வடிவம் தண்ணீரில் கரையும். மலத்திலும் சிறுநீரிலும் வெளியேறிவிடும்.

சொல்லிக்கொண்டே தொட்டிலைப் பார்த்தேன். அந்தத் தாவல் இப்போது என் மகளின் தோலுக்கடியில், இமைக்கும் நேரத்தில் எத்தனை கோடி முறையோ நடந்துகொண்டிருந்தது. அவள் வயிறு ஏறி இறங்குவதைத் தவிர வெளியே ஒன்றும் தெரியவில்லை.

கணவர் தொட்டிலின் பக்கம் குனிந்தார். "அப்ப அந்த மஞ்சளே வெளிச்சத்தத் தின்னுபோட்டுத் தானா வெளிய போயிருதாக்கும்" என்றார் மெதுவாக. அதைவிடச் சரியாக நான் வகுப்பில் சொன்னதில்லை.

மறுநாள் அளவு இறங்கியிருந்தது. அதற்கடுத்த நாள் விளக்கை அணைத்து, வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். நாங்கள் கிளம்புவதற்குள் அதே தொட்டிலுக்கு இன்னொரு குழந்தை வந்தது. அதன் தாய், சேலம் கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பத்துப் பெண், முதல் பிரசவம். விளக்கைக் கண்டு மிரண்டுபோய், பிள்ளைக்குச் சுடுமா என்று என்னிடம் கேட்டாள். நான் நீலத்துக்குள் என் கையை நீட்டினேன்.

"சுடாதுங்க. நீங்களும் வெச்சுப் பாருங்க."

அவள் தயங்கித் தயங்கிக் கையை உள்ளே வைத்தாள். பிறகு வெகுநேரம் எடுக்கவே இல்லை.