எழுந்து வரலாம் என்று எழுதியவர்

சென்ற திங்கட்கிழமை, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வேலைப் பயிற்சிக் கடிதங்களைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். தலைமையாசிரியர் வகுப்பு வாசலில் வந்து நின்று, "சார், கிரேஸ் டீச்சர் போயிட்டாங்களாம்" என்றார். அம்மாவைப் பார்க்கக் கீழ்வேளூர் போன இடத்தில் மாரடைப்பு. என் கையிலிருந்த கடிதங்களில் இருந்தது அவர் எழுதிய வாசகம். மீதியைக் கொடுக்க என்னால் முடியவில்லை.

மன்னார்குடியில் எங்கள் பள்ளியின் தொழிற்கல்விப் பிரிவுக்கு நாங்கள் இருவர்தான். பிள்ளைகளை ஒரு மாதம் உள்ளூர்க் கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலை பழக அனுப்ப வேண்டும். இடம் பிடிப்பது டீச்சர். நான் கூச்சப்பட்டு வெளியே வண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவர் உள்ளே போய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். "பிள்ளைக்கு ஒரு நாற்காலி கொடுங்க அண்ணே, மீதிய அது பார்த்துக்கும்" என்பார். சரி என்று சொல்லும்வரை எழ மாட்டார். கூத்தாநல்லூர் ஜவுளிக்கடைக்காரர் ஒருவர், "டீச்சருக்கு மூணாவது டீ சொல்றதுக்குப் பதிலா ரெண்டு பிள்ளைங்களைச் சேர்த்துக்கிட்டுப் போயிடலாம்" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

அப்படிப்பட்டவர் ஒருமுறை வாயடைத்து நின்றதையும் பார்த்தேன். அதை விட்டுவிட்டு எழுதினால் இந்த அஞ்சலி பொய்.

தமிழரசி என்ற மாணவிக்கு அவள் ஊரிலேயே அரிசி ஆலை அலுவலகத்தில் இடம் பிடித்தோம். வீட்டுக்குப் பக்கம், பஸ் மாற வேண்டாம் என்று எங்களுக்கு ஏகப் பெருமை. அவள் குடும்பம் இரண்டு தலைமுறையாக அந்த ஆலைக்காரர் வயலில்தான் வேலை பார்க்கிறது. அதை நாங்கள் கேட்கவேயில்லை.

பத்தாம் நாள் பார்க்கப் போனோம். அவளுக்கென்று சொன்ன நாற்காலி காலி. பள்ளிச் சீருடையோடு களத்தில் அவித்த நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தாள். "நம்ம பொண்ணுதானே டீச்சர், சும்மா உட்கார்ந்திருக்குமா?" என்றார் ஆலைக்காரர். அதில் தவறிருப்பதாக அவருக்குத் தோன்றவேயில்லை.

டீச்சர் அவளைத் தனியே அழைத்து விசாரித்தார். "நானா வந்துட்டா அப்பாவை நடவுக்குக் கூப்பிட மாட்டாங்க டீச்சர்" என்றாள். ஆலைக்காரரின் கையெழுத்து இல்லாவிட்டால் பயிற்சி மதிப்பெண்ணும் போய்விடும். அவர் சொல்லித்தான் வேறு நான்கு கடைகளும் எங்கள் பிள்ளைகளைச் சேர்த்திருந்தன. எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டியது. "இன்னும் இருபது நாள்தானே, பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கட்டும்" என்று சொன்னது நான்தான். டீச்சர் பேசாமல் வண்டியில் ஏறினார்.

மாதம் முடிந்து சான்றிதழ் வாங்க வந்த தமிழரசி, கோபமேயில்லாமல் சொன்னாள்: "அன்னிக்கு 'வா போகலாம்'னு கூப்பிடுவீங்கன்னு நினைச்சேன் டீச்சர். டீச்சர்தான் கூட்டிட்டு வந்துட்டாங்கன்னு நான் சொல்லியிருக்கலாம்."

டீச்சர் எழுந்து நின்றார். "தப்பு என்னோடதும்மா" என்றார். என்னோடதும்தான். நான் குனிந்து பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறு ஆண்டு முதல் எந்தப் பிள்ளையையும் சொந்த ஊரில் சேர்க்கவில்லை. கடிதத்தில் புதிதாகச் சில வரிகள் வந்தன: "விருப்பமில்லாவிட்டால் மாணவர் எந்த நேரமும் எழுந்து வந்துவிடலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. நான் திரும்ப அழைத்ததாகக் கொள்ளவும்." கீழே அவர் பெயர். அதைப் படித்துப் பாதிக் கடைகள் கைவிரித்தன. அப்போதிருந்த தலைமையாசிரியர் எடுக்கச் சொன்னார். நானும் சொன்னேன். "எடுத்தா நான் திரும்ப அந்தக் களத்துலதான் நிக்கணும் சார்" என்றார். வெயிலில் புதுக் கடைகளைத் தேடி அலைந்தார்.

ஆனால் அவரை அழைக்க யாரும் இல்லை. படுத்த படுக்கையான அம்மாவுக்காக ஆண்டுதோறும் கீழ்வேளூர்ப் பக்கம் மாறுதல் கேட்டார். பதில் ஆள் இல்லையென்று ஆண்டுதோறும் மேலிடத்தில் மறுத்துவிட்டார்கள். "எனக்கு யாரு சார் கடிதம் கொடுப்பா?" என்று சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது.

அடக்கம் முடிந்து வந்த மறுநாள், கொடுத்த கடிதங்களையும் திரும்ப வாங்கினேன். ஒவ்வொன்றிலும் அவர் பெயரை அடித்து, 'நான்' என்பதற்குக் கீழே என் பெயரை எழுதிக் கொடுத்தேன்.

டீச்சர், நீங்கள் காரணம் சொல்ல வேண்டியதில்லை. போய் வாருங்கள்.