எந்த ரோட்டுக்குப் பல்

"எந்த ரோட்டுக்குங்கண்ணா பல்லு வேணும்?" என்று முள்ளுக்குறிச்சி மெக்கானிக் கேட்டார். என் ஜீப்பின் பின் அச்சைக் கழற்றிப் பட்டறைத் தரையில் போட்டிருந்தார். நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. கீழே ஆஸ்பத்திரிக்குப் போகிற ரோட்டுக்கு என்றேன். இந்த வாயால் எத்தனையோ தப்பான பதில் சொல்லியிருக்கிறேன். அதில் இந்த ஒன்றை நினைத்தால்தான் இன்னமும் சோறு இறங்குவதில்லை.

என் மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டிருந்தது. வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ். பதினொரு மணிக்கு அவளுக்கு மெஷின். தாமதமானால் அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டு நம்மைக் காத்திருக்கச் சொல்வார்கள். அதைக் குறை சொல்ல முடியாது. அடுத்தவரும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்தானே. கொல்லிமலையில், குண்டூர் நாட்டில் எங்கள் ஊரிலிருந்து மண்பாதையில் சோளக்காடு வர வேண்டும். அங்கிருந்து மலைரோட்டில் முள்ளுக்குறிச்சிக்கு இறங்கி, அப்புறம் சமவெளி. எல்லாம் சேர்த்து மூன்று மணி நேரம். கீழேயே அறை எடுத்துத் தங்கச் சொன்னார்கள். தங்கவும் செய்தோம். இருபதாம் நாள் அவள், "இங்க படுத்திருந்தா நோவு மட்டுந்தானுங்க நெனப்புல இருக்குது. நம்ம ஊட்டுக்கே போயிரலாம்" என்றாள். வந்துவிட்டோம்.

எங்களிடம் இருந்தது பழைய ஜீப். குச்சிக்கிழங்கும் மிளகும் சோளக்காட்டுக்குக் கொண்டுபோக வாங்கியது. நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி இல்லை, பின் சக்கரம் மட்டும் தள்ளும். ஊருக்குக் கீழே ஊத்து ஏத்தம் என்று ஒரு செங்குத்தான இடம் இருக்கிறது. பாதையோரப் பாறையிலிருந்து தண்ணீர் ஊறி வருவதால் அந்தப் பெயர். நடுவில் ஒரு வளைவு, வளைவுக்கு வெளியே பள்ளம். அந்த வருட மழை பாதையிலிருந்த மண்ணை வாரத்துக்கு வாரம் வழித்துக்கொண்டு போனது. கல் துருத்திக்கொண்டு வந்தது. பின் அச்சின் நடுவில் குடம் மாதிரிப் புடைத்திருக்குமே, அது ஒவ்வொரு கல்லிலும் இடித்தது. இடிக்கும்போதெல்லாம் அவள் ஊசி போடுகிற கையை மறு கையால் இறுக்கிப் பிடித்துக்கொள்வாள்.

அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் பெரிய டயர் போட்டேன். இருபத்தெட்டு இஞ்ச் உயரம் இருந்தது முப்பத்திரண்டு ஆயிற்று. குடத்துக்கும் தரைக்கும் நடுவே இரண்டு இஞ்ச் கூடியது. வண்டி நிமிர்ந்து நின்றதைப் பார்க்க எனக்கே மிடுக்காக இருந்தது. அவள் ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்துவிட்டு, "செருப்புப் பெருசானா காலுக்குத் தெம்பு வந்துருமாக்கும்" என்றாள். கிண்டல்தான். பிறகு மெக்கானிக் அரை மணி நேரம் விளக்கியதும் இதைத்தான்.

டயர் போட்ட பிறகு முதல் தடவை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று, வளைவில் இஞ்சின் திணறி நின்றுவிட்டது. வண்டி பின்னால் உருண்டது. பிரேக்கை மிதித்தேன், கைப்பிரேக்கை இழுத்தேன், அதற்குள் ஒரு சக்கரம் பள்ளத்தின் விளிம்புக்குப் போய் நின்றது. அவள் கதவைத் திறந்து மெதுவாக இறங்கி, பாறையோரம் நின்றுகொண்டாள். "நீங்க ஓட்டீட்டுப் போங்க. நா நடந்தே வாரேன்" என்றாள். டயாலிசிஸ் முடிந்து வருகிறவளுக்கு உடம்பில் ஒன்றும் இருக்காது. பிழிந்து போட்ட துணி மாதிரி இருப்பாள். அவளை நடக்க விட்டுவிட்டு நான் வண்டியை மேலே ஏற்றினேன்.

அடுத்த நாளே பட்டறைக்குப் போனேன். மெக்கானிக் குடத்தைப் பிரித்துக் காட்டினார். உள்ளே இரண்டு பல்சக்கரங்கள். இஞ்சினிலிருந்து வருகிற சின்னதற்கு பினியன் என்று பெயர், சக்கரத்தைச் சுழற்றுகிற பெரியதற்கு கிரௌன். என் வண்டியில் சின்னதில் பதினொரு பல், பெரியதில் நாற்பத்தேழு. அதாவது இஞ்சின் பக்கம் நாலேகால் சுற்று சுற்றினால் டயர் ஒரு சுற்று சுற்றும். டயர் பெரிதானால் ஒவ்வொரு சுற்றுக்கும் அதிக தூரம் தள்ள வேண்டும், இஞ்சினோ அதே கிழட்டு இஞ்சின். ஆகவே பல்லை மாற்றி, ஒரு சுற்றுக்கு இஞ்சினை இன்னும் அதிகமாகச் சுற்ற வைக்க வேண்டும். வேகம் குறையும், இழுவை கூடும்.

"எட்டுக்கு முப்பத்தொம்போது போட்டா பழையபடி ஆயிருமுங்க. எட்டுக்கு நாப்பத்திமூணு போட்டா எந்த ஏத்தத்துலயும் ஆள் நடக்கற மாதிரி நிதானமா ஏறும். ஆனா கீழ ரோட்டுல அம்பதுக்கு மேல போனா இஞ்சின் கத்தும்" என்றார். அதன் பிறகுதான் எந்த ரோட்டுக்கு என்று கேட்டார்.

எனக்குப் பதினொரு மணி மட்டும் கண்ணுக்கு முன்னால் நின்றது. ஐம்பதிலேயே ஊர்ந்துபோய்ச் சேர்வதற்குள் மெஷினில் வேறு யாரோ படுத்திருப்பார்கள். பழையபடி ஆனால் போதுமே, முன்பு அந்த ஏத்தத்தில் ஏறிய வண்டிதானே. முப்பத்தொன்பதே போடச் சொன்னேன். முன்பு ஏறியது மண்பாதையில் என்பதும், இப்போது அந்த மண்ணே இல்லை என்பதும் என் மண்டையில் ஏறவில்லை. மூன்று மணி நேரப் பயணத்துக்குக் கணக்குப் போட்டேன். ஐந்து நிமிட ஏத்தத்தை விட்டுவிட்டேன்.

முப்பத்தொன்பதில் வண்டி ஏறத்தான் செய்தது. ஆனால் கீழேயே வேகம் எடுத்து, கல்லின் மேல் குதித்துக் குதித்துத்தான் ஏறும். தனியாக இருந்தால் அப்படி ஏற்றிவிடலாம். அவளை வைத்துக்கொண்டு முடியாது. அந்தக் குலுக்கலில் ஊசி போட்ட இடம் கசிய ஆரம்பித்துவிடும். வாந்தி வேறு. மெதுவாகப் போனால் வளைவில் நின்றுவிடும். ஆகவே ஏத்தத்தின் அடிக்கு வந்ததும் அவள் இறங்கிவிடுவாள். யாரும் சொல்ல வேண்டியதில்லை. கூட யார் வந்தாலும் அவர்களும் இறங்குவார்கள். அவளுடைய தம்பியும் நானும் கட்டிலில் வைத்துத் தூக்குகிறோம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம். "நடக்கற வரைக்கும் நடந்துக்கறேன், உடுங்க" என்று முடித்துவிட்டாள்.

நான் மேலே போய் இஞ்சினை அணைக்காமல் காத்திருப்பேன். சூடான வண்டியை அணைத்தால் மறுபடி கிளப்புவது பெரும்பாடு. ஒரு நாள் அவள் வர ரொம்ப நேரமாயிற்று. எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று கேட்டால் இப்போதும் தெரியாது. ஹாரனை அடித்தேன். ஒரு தடவை இல்லை, மூன்று நான்கு தடவை. நோயாளி மனைவிக்கு ஹாரன் அடித்துக் கூப்பிட்ட மகராசன் இந்தக் கொல்லிமலையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அவள் வந்து சேர்ந்து, மூச்சு நிதானப்படும்வரை வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு, "ஹாரன் அடிச்சா எனக்குக் கால் நீளமாவுமுங்களா?" என்றாள். அன்றைக்கு நான் அழுதிருக்க வேண்டும். அழவில்லை. கதவைச் சாத்திவிட்டு வண்டியை எடுத்தேன்.

இன்னொரு நாள் அவள் வரவே இல்லை. பயந்துபோய் இறங்கி ஓடினேன். வளைவுக்குக் கீழே, ஊற்றுக்கு எதிரே உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் அவளுக்கு விட்டது ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான், மருந்துக்குக் குடிப்பதும் அதற்குள் அடக்கம். பாதி ஏத்தம் ஏறி நாக்கு ஒட்டிக்கொண்டிருக்க, கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஏனுங்க, எந்த ரோட்டுக்குப் பல்லு வேணும்னு அந்த மெக்கானிக்கு கேட்டாருன்னு சொன்னீங்கல்ல" என்றாள்.

"ஆமா."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா இந்த ரோட்டுக்குன்னு சொல்லியிருப்பேன். கீழ லேட்டானா பெஞ்சுல உக்காந்துக்கலாமுங்க. இங்க உக்காந்தா எந்திரிக்க முடியறதில்ல."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்தித் தப்பித்திருப்பேன். அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக எத்தனையோ பேரிடம் யோசனை கேட்டிருக்கிறேன். டிரைவர்களிடம், டயர்க்கடையில், பட்டறையில். அந்த வண்டியில் உட்கார்ந்து வருகிறவளிடம் கேட்கத் தோன்றவே இல்லை.

மெக்கானிக்கிடம் போய் நாற்பத்திமூன்று வேண்டும் என்று நின்றேன். "அன்னிக்கே கேட்டனுங்களே" என்று மட்டும் சொன்னார். பழைய உதிரிபாகக் கடைகளில் தேடி, தேயாத ஜோடி ஒன்று கிடைக்க மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரத்தில் அவள் ஊத்து ஏத்தத்தை ஆறு முறை நடந்து ஏறினாள். நான் ஆறு முறையும் மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஹாரன் அடிக்கவில்லை. அதைப் பெருமையாகச் சொல்லவில்லை.

டயாலிசிஸ் இல்லாத ஒரு நாள் பார்த்துப் பல் மாட்டினோம். தனியாக ஓட்டிக்கொண்டு ஊருக்கு வந்தேன். ஏத்தத்தில் வேகம் எடுக்காமல், முதல் கியரில் விட்டுப் பார்த்தேன். வளைவிலும் திணறவில்லை. வீட்டுக்குள் போனதும் போகாததுமாக, "நாளைக்கு நீ எறங்க வேண்டாம்" என்றேன். "பாக்கலாமுங்க" என்றாள். சிரித்த மாதிரி இருந்தது.

மறுநாள் அரை மணி நேரம் முன்னதாகவே கிளம்பினோம். இறக்கத்தில் பிரேக்கே தேவைப்படவில்லை, கியரே வண்டியைப் பிடித்து நிறுத்தி நிறுத்தி இறக்கியது. சமவெளியில் இஞ்சின் கத்தியதுதான், அவள் காதில் முந்தானையைச் சுற்றிக்கொண்டாள். பத்தே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டோம். இவ்வளவுதான் விஷயம். முதலிலேயே இந்தப் பல்லைப் போட்டிருந்தாலும் நேரத்துக்குப் போயிருப்போம்.

மெஷினில் படுத்து ஒன்றரை மணி நேரத்தில் அவளுக்கு ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது. என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள். அவர்கள் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்கள், கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவள் மூச்சு திரும்பவில்லை. இதயம் ரொம்ப நாளாகவே பலவீனமாகிக்கொண்டு வந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். ஏத்தத்தில் நடந்ததால் இருக்குமா என்று கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாது என்றார். இல்லை என்று அவர் சொல்லவில்லை.

மச்சான் பஸ் பிடித்துக் கீழே வந்து சேர்ந்தான். பின்சீட்டில் அக்காவின் தலையை மடியில் வைத்துக்கொண்டான். சோளக்காட்டில் நின்றவர்கள் வண்டிக்குள் பார்த்துவிட்டு ஒதுங்கி வழிவிட்டார்கள். ஊத்து ஏத்தத்தின் அடிக்கு வந்தபோது இருட்டிவிட்டிருந்தது.

"மாமா, எறங்கிக்கட்டுங்களா?" என்று மச்சான் கேட்டான்.

வேண்டாம் என்றேன்.

முதல் கியரில் விட்டேன். வேகம் எடுக்கவில்லை. டயர் ஒரு கல்லில் ஏறி, மெல்ல இறங்கி, அடுத்த கல்லில் ஏறியது. ஊற்றைத் தாண்டினோம். வளைவில் வண்டியின் மூக்கு மேலே தூக்கியது, அப்போதும் இஞ்சினின் சத்தம் மாறவில்லை. குலுக்கலே இல்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அந்த ஏத்தம் முழுக்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. மேலே சமதளத்துக்கு வந்ததும் அதே சந்தோஷத்தோடு பின்னால் திரும்பி, "பாத்தியா புள்ள, எறங்காமயே வந்துட்ட" என்றேன்.