பன்னிரண்டு பக்கக் கேள்வித்தாள்

ஒளிந்து வாழ்பவர்களின் வீட்டுக்கு டீக்கடையில் வழி கேட்டுப் போன ஒரே ஆராய்ச்சியாளன் நானாகத்தான் இருப்பேன். இந்த மூளைக்கு எம்.ஃபில். இடம் கொடுத்தவர்களைத்தான் சொல்ல வேண்டும்.

எண்பதுகளின் நடுவில், இலங்கையிலிருந்து படகில் வந்து, முகாமில் பதியாமல் தங்கியவர்களைப் பற்றியது என் ஆய்வு. விழுப்புரத்தில் பஸ் ஏறித் திண்டிவனத்தில் இறங்கினேன். "பதியாத சிலோன்காரங்க வீடு எதுங்க?" என்று டீக்கடையில் உரக்கக் கேட்டேன். பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் வழி சொன்னார்கள். என் களப்பணித் திறமையை நானே மெச்சிக்கொண்டேன்.

அந்த வீட்டில் இருந்த அக்கா கூலிக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைத்துக்கொண்டே பன்னிரண்டு பக்கக் கேள்விகளுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். 'குடும்ப அட்டை எண்' என்ற கட்டம் மட்டும் காலி. காலிக் கட்டம் கூடாதென்று பேராசிரியர் திருப்பி அனுப்பிவிட்டார். எரிச்சலோடு அடுத்த வாரம் மறுபடி போனேன்.

வாசலில் மூட்டைகள் இருந்தன. வீட்டுச் சொந்தக்காரர் என்னைப் பார்த்ததும் பாய்ந்தார். "யோவ், நீ நோட்டைத் தூக்கிக்கினு வந்து கேட்டதுல கடைத்தெருவே பேசுது. போலீசு வந்தா எனக்குத்தானே பேஜாரு? அதான் காலி பண்ணச் சொல்லிட்டேன்."

அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். அத்தனை கேள்வி எழுதியவனுக்கு, இவர்களிடம் வரலாமா என்று தன்னையே கேட்கத் தோன்றவில்லையே!

"உங்க கஷ்டம் உலகத்துக்குத் தெரியணும்னுதான்க்கா வந்தேன்" என்றேன்.

அவர் ஒரு மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டார்.

"தெரியாததாலதான் தம்பி, இவ்வளவு நாளும் இஞ்ச இருந்தனாங்கள்."