எல்லோரும் கப்பலில் இருக்கிறார்கள்

கடலூர் பேருந்து நிலையத்தில் வண்டி நின்று எல்லோரும் இறங்கிய பிறகும் செல்வநாதன் இறங்குவதில்லை. ஓட்டுநருக்குப் பின்னால் இரண்டாவது இருக்கை, ஜன்னலோரம். கத்தியாய் மடிப்பு நிற்கும் வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்து வகிடெடுத்த தலை, மடியில் இரண்டு கைகள். வேர்க்கடலையும் தேநீரும் ஜன்னல் வழியாகவே வரும், காசும் ஜன்னல் வழியாகவே போகும். ஊரைக் கண்ணால் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, அதே இருக்கையில் நெய்வேலிக்குத் திரும்பிவிடுவார்.

அந்தத் தடத்தின் நடத்துநர் கொளஞ்சிநாதன் அவரைச் சீண்டாமல் இருப்பதில்லை.

"இன்னா மாமா, கரை வந்துருச்சி. எறங்கலியா?"

"நான் எறங்குனா நீ விசிலடிச்சிட்டுப் போயிருவ."

"ஒரு டீ குடிக்கிற நேரம் நிக்கும் மாமா. கடலப் பாத்துட்டு ஓடியாந்துரலாம்."

"அங்கியும் அப்பிடித்தான் சொன்னாங்க."

இத்தகைய பயணத்துக்கு அவர் வைத்திருக்கும் பெயர் 'ஷோர் டே', கப்பல்காரர்கள் கரையில் இறங்கும் நாள். மாதத்தில் ஒரு முறையேனும் போய் வருவார். பண்ருட்டிக்குப் போனாலும் இதுவே முறை. "கரைய ஒருதரம் பாத்துறணுங்க. இல்லாங்காட்டி கால் மரத்துரும்" என்பார். ஒரு வழக்கின் பொருட்டு அந்தத் தடத்தில் பல ஆண்டுகள் போய்வந்த நான், பெரும்பாலும் அவர் பக்கத்தில் அமர்ந்தே பயணம் செய்திருக்கிறேன். நான் கண்டது வேறு, அவரும் அவர் வீட்டாரும் சொல்லக் கேட்டது வேறு. இரண்டையும் கலக்காமல் எழுதுகிறேன்.

நெய்வேலி நகரியத்தில் அவருக்கு இஸ்திரி வேலை. எங்கள் பிளாக்கின் தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே, தூங்குமூஞ்சி மரத்தடியில் தள்ளுவண்டி நிற்கும். மற்ற இஸ்திரிக்காரர்களைப் போலத் துணியில் குறி இடுவதோ சீட்டு எழுதுவதோ இவரிடம் இல்லை. துணிக்குரியவர் நேரில் வந்து முகத்தைக் காட்ட வேண்டும். மகனை அனுப்பினால் கொடுக்க மாட்டார், மனைவியை அனுப்பினாலும் கொடுக்க மாட்டார். ஜெனரல் ஷிஃப்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் ஒருவர் பக்கத்து வீட்டாரின் சட்டையையும் சேர்த்துக் கேட்டபோது, "ஆளு வரணும்" என்றார். "ஏன்யா, சட்டைதானே, பொண்ணா கேக்குறேன்?" என்று அவர் கத்தினார். "ஒருத்தருக்குப் பதிலா ஒருத்தரு வாங்கறது, போடறது, அதெல்லாம் நம்மகிட்ட கெடையாதுங்க" என்றார் செல்வநாதன், பெட்டியின் கரியை ஊதிக்கொண்டே. கத்தியவர் அன்று பழைய சட்டையோடு போன பக்கத்து வீட்டாருக்குச் சமாதானம் சொல்ல வேண்டியிருந்தது.

இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்பதற்கு அவருடைய கப்பல் வாழ்க்கையைச் சொல்ல வேண்டும்.

அவரும் மனைவி மேரிசெல்வியின் தம்பி ஜாஸ்பரும் இளமையில் ஓர் ஒப்பந்தக்காரரிடம் சுரங்க வேலை செய்தவர்கள். ஷிஃப்ட் தொடங்கும்போது ஆளுக்கொரு டோக்கனை எடுத்துப் பலகையில் மாட்ட வேண்டும். ஒருவன் வரத் தாமதமானால் இன்னொருவன் அவன் டோக்கனையும் சேர்த்து மாட்டிவிடுவான். அது குற்றமென்று யாரும் நினைத்ததில்லை. அண்டை வீட்டுக்குக் கொஞ்சம் குழம்பு கொடுப்பதுபோல ஓர் உதவி, அவ்வளவுதான். பெர்மனன்ட் ஆகும் வழி தெரியாமல், இருவரும் ஒரு ஏஜென்ட் மூலம் உல்லாசக் கப்பலொன்றின் சலவை அறையில் வேலைக்குச் சேர்ந்தார்கள்.

கப்பல் துறைமுகத்தில் நிற்கும் நாளைப் பற்றி அவர் சொல்லக் கேட்க வேண்டும். முதலில் பயணிகள். அவர்களுக்குக் கயிறு கட்டிய படி, கீழே குளிர்சாதனப் பேருந்து, கொடி பிடித்த வழிகாட்டி. அவர்களெல்லாம் போன பிறகுதான் வேலையாட்கள். அவர்களுக்குப் பேருந்து கிடையாது. படியின் அடியிலிருந்து துறைமுக வாசல்வரை தரையில் நீலக் கோடு ஒன்று போட்டிருக்கும். இருபுறமும் இரும்புச் சரக்குப் பெட்டிகள் வீடுகள்போல அடுக்கியிருக்க, நடுவே அந்தக் கோட்டின் மேலேயே நடக்க வேண்டும். "கோட்ட வுட்டு எறங்குனா பாரந்தூக்கி மேல வந்துரும். தலய நிமுத்தாம போவோம். செருப்புச் சத்தம் மட்டும் கேட்டுகினே இருக்கும். பின்னால எத்தினி பேர் வர்றாங்கன்னு திரும்பிப் பாக்கக்கூட மாட்டோம்." வாசலில் வாடகைக் கார்கள். ஆறு பேர் சேர்ந்தால்தான் கட்டுப்படியாகும் என்பதால் ஆறாவது ஆளுக்காகக் கூவுவார்கள். ஊருக்குள் போய்ச் சோப்பு, தைலம், மிளகாய்த் தூள் வாங்கி, தொலைபேசிக் கடையில் வரிசையில் நின்று வீட்டுக்குப் பேசி, பயணிகள் திரும்புவதற்கு முன்பே கப்பலுக்குள் இருக்க வேண்டும். கரை ஆழமில்லாத ஊர்களில் கப்பல் தொலைவிலேயே நிற்கும், சிறு படகுகள் கொண்டுபோய் விடும். அங்கே கடைசிப் படகைத் தவறவிட்டவன் கப்பலின் விளக்குகளைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

படியின் மேல்முனையில் ஒரு பலகை. ஒவ்வொரு வேலையாளுக்கும் ஒரு தகட்டு வில்லை. வெளியே போகும்போது சிவப்புப் பக்கம், உள்ளே வந்ததும் வெள்ளைப் பக்கம். எல்லாம் வெள்ளையானால் கப்பல் புறப்படலாம்.

1991-ஆம் ஆண்டில் ஒரு நாள். அந்த ஊரின் பெயரை அவர் சொல்வதில்லை, "அந்த ஊரு" என்பதோடு சரி. தொலைபேசிக் கடையிலிருந்து நெய்வேலியில் பக்கத்து குவார்ட்டர்ஸுக்குப் பேசினார். மேரிசெல்வி வீட்டில் இல்லை. நான்கு வயது ஏஞ்சலினைத் தூக்கிவந்து காதில் வைத்தார்கள். குழந்தை பேசவில்லை. மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. "ஒரு வார்த்த பேசு கண்ணு, அப்பான்னு சொல்லு" என்று இவர் கேட்டுக்கொண்டே இருந்தார். ஜாஸ்பர் வந்து தோளைத் தட்டி, "மாமா, கார் பொறப்படுது, நான் முன்னால போறேன், நீ அடுத்ததுல வந்துரு" என்று சொல்லிப் போய்விட்டான். இவர் அந்த மூச்சை வைக்க மனமில்லாமல் காதோடு பிடித்துக்கொண்டு நின்றார்.

கப்பலில் ஏறிய ஜாஸ்பர் தன் வில்லையைத் திருப்பினான். கூடவே, மாமா தாமதமாக வந்து பெயர் கெட வேண்டாமென்று, அவருடையதையும் வெள்ளைக்குத் திருப்பினான்.

செல்வநாதன் துறைமுகத்துக்குள் ஓடிவந்தபோது கப்பலுக்கும் கரைக்கும் நடுவே கறுப்புத் தண்ணீர் இருந்தது. காவலர்கள் வயர்லெஸ் கருவியில் கப்பலை அழைத்துக் கேட்டார்கள். பதில் வந்தது: எல்லோரும் கப்பலில் இருக்கிறார்கள். பெயரைச் சொல்லிக் கேட்டார்கள். செல்வநாதனும் கப்பலில்தான் இருக்கிறார். கடவுச்சீட்டு கப்பலில் இருந்தது, எனவே கரையில் நிற்பவர் யார் என்பதற்குச் சான்று எதுவும் இல்லை.

இதுவரை விளங்கிக்கொள்ளலாம். இனி வருவதை அவர் சொன்னபடியே தருகிறேன். "கீழ்த் தட்டுல நாங்க பீடி குடிக்கிற எடம் ஒண்ணு இருக்கு. அங்க ஒருத்தன் நின்னுகினு இருந்தாங்க. சலவக்காரச் சட்ட. என் ஒசரம். நான் கையாட்டுனேன், நிறுத்தச் சொல்லுன்னு. அவனும் கையாட்டுனான். போய்ட்டு வரேன்னு சொல்றாப்புல."

மூன்றாம் நாள் கப்பலில் அவர் இல்லையென்று தெரிந்தது. ஏறியவன் இல்லையென்றால் கடலில் விழுந்தான் என்றுதானே பொருள்? ஊருக்குத் தந்தி வந்தது. முப்பதாம் நாள் பூசை வைத்து, உடல் இல்லாத குழியின் மேல் சிலுவையும் நட்டார்கள். சான்றில்லாதவராக அந்த ஊர்க் காவலில் கிடந்து, ஓராண்டுக்குப் பின், தூதரகம் அனுப்பிவைத்து அவர் வாசலில் வந்து நின்றபோது, மேரிசெல்வி அழவில்லை. ஒரு சொம்புத் தண்ணீரைக் கொடுத்துவிட்டு அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். "தண்ணி உள்ள எறங்குதான்னு பாத்தேங்க. எறங்குச்சி. அப்பறந்தான் உள்ள வுட்டேன்" என்று என்னிடம் சொன்னார்.

ஜாஸ்பர் இப்போது பண்ருட்டியில் முந்திரிப் பருப்புக் கடை வைத்திருக்கிறார். வில்லையைத் திருப்பியதை அக்காவின் காலில் விழுந்து ஒப்புக்கொண்டவர், ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்வதில்லை. கப்பல் புறப்பட்ட அன்றிரவு மாமா படுத்திருந்ததைப் பார்த்ததாகக் கப்பல் அதிகாரிகளிடம் சொல்லியிருந்தார். அது வேலை போய்விடும் பயத்தில் சொன்ன பொய்யா என்று நான் கேட்டேன். "சத்தியமா பொய்யில்லீங்க. மேல் படுக்கையில போத்திகினு கெடந்துச்சி. 'சாப்புட்டியா மாமா'ன்னேன். 'ம்'னுச்சி" என்றார். பட்டப்பகலில், பருப்பு மூட்டைகளுக்கு நடுவே நின்று சொன்னதுதான். ஆனாலும் அதன்பின் அந்தக் கடையில் எனக்கு அதிக நேரம் நிற்கத் தோன்றவில்லை.

சிலுவையை அகற்றிவிடலாம் என்று பங்குத் தந்தை சொன்னபோது செல்வநாதன்தான் மறுத்தார். கல்லறைத் திருநாளன்று தன் பெயருக்குத் தானே சுண்ணாம்பு அடித்து, தானே மெழுகுவத்தி ஏற்றுவார். "அது அவனுக்குங்க. போனவனுக்கு. இன்னும் எந்த ஊர்லயோ எறங்கி ஏறிகினு இருப்பான்." பக்கத்துக் கல்லறைக்கு வந்தவர்கள் எழுந்து சற்றுத் தள்ளிப் போய் அமர்வதை நான் கண்டிருக்கிறேன்.

ஏஞ்சலினுக்குக் கடலூர் முதுநகரில் மாப்பிள்ளை அமைந்தது. நிச்சயதார்த்தத்துக்கு வேன் வைத்துப் போனோம். அன்று செல்வநாதன் இறங்கினார். பல ஆண்டுகளில் முதல்முறையாக, நெய்வேலிக்கு வெளியே ஒரு மண்ணில், மகளுக்காக இறங்கினார். விருந்து முடிந்து அவர் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருக்க, ஜாஸ்பர் வேனுக்குள் தலைகளை எண்ணினார். கணக்கு சரியாக இருந்தது. நானும் வேனில்தான் இருந்தேன். செல்வநாதனின் இருக்கையில் யாரோ ஜன்னலில் சாய்ந்து, தோளிலிருந்து தலைவரை துண்டு போர்த்தி உறங்குவதைப் பார்த்தேன் என்றே நினைத்தேன். குறிஞ்சிப்பாடி ரயில்வே கேட்டில் வண்டி நின்றபோது ஏஞ்சலின் திரும்பி, "அப்பா, வெத்தல வேணுமா?" என்று கேட்டாள். பிறகு அவள் கத்தியது மட்டும் நினைவிருக்கிறது. இருக்கையில் ஆள் இல்லை. துண்டும் இல்லை.

திரும்பிச் சென்றபோது அவர் மாப்பிள்ளை வீட்டு வாசலில், கைகள் மடியில் இருக்க, அசையாமல் அமர்ந்திருந்தார். "எண்ணிட்டுத்தான மச்சான் போன?" என்று ஜாஸ்பரிடம் கேட்டார். "எண்ணிட்டுத்தான் மாமா போனேன்" என்றார் ஜாஸ்பர்.

அதன்பின் செல்வநாதன் திருமணத்துக்கு வர மறுத்தார். தந்தை உயிரோடிருக்க மகளைப் பீடம்வரை தாய்மாமன் அழைத்துப் போவதா என்று உறவினர் கேட்டனர். மாப்பிள்ளை வீட்டார் காதில், 'அப்பன் செத்தவனாமே' என்ற பேச்சும் விழுந்தது. "அப்பா கூட்டிகினு போனாத்தான் கோயிலுக்குள்ள போவேன். இல்லன்னா இந்தக் கல்யாணம் வேணாம்" என்று ஏஞ்சலின் சொல்லிவிட்டாள். கடைசியில் வேனில் ஏற மட்டும் இசைந்தார். இறங்குவதைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

சென்ற மே மாதம், முதுநகர் தேவாலயத்தின் முன் வேன் நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். அவர் இறங்கவில்லை. மணி அடித்தது. உபதேசியார் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போனார். மாப்பிள்ளையின் அத்தை எல்லோருக்கும் கேட்கும்படி, "பொண்ணோட அப்பா வேனுக்கே மொய் எழுதிட்டாரா?" என்றார். சிரித்தவர்கள் உண்டு. ஏஞ்சலின் வெள்ளைப் புடவையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு மீண்டும் வேனுக்குள் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் ஜன்னலுக்கு வெளியே, கைக்கெட்டும் தொலைவில் நின்றிருந்தேன்.

"நீ போம்மா. நேரமாவுது."

"நீங்க வந்தாத்தான்."

"நான் எறங்குனா இங்க ஒருத்தன் குந்திக்குவாம்மா. அப்பறம் எண்ணுவாங்க. சரியா இருக்கும். என்ன வுட்டுட்டுப் போயிருவாங்க."

அப்படியெல்லாம் யாரும் இல்லை என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன்.

"குந்தட்டும்ப்பா" என்றாள். "அவரும் பாவம், எத்தினி வருசமா சுத்திகினு இருக்காரு. அவரு குந்திகினு இருக்கட்டும், நீங்க வாங்க."

செல்வநாதன் எழுந்து, இருக்கையின் விளிம்பில் முழங்கால் படாமல், அங்கே யாரோ அமர்ந்திருக்க அவரைத் தாண்டுவதுபோல ஒதுங்கி ஒதுங்கி வெளியே வந்தார். படியில் ஒரு கணம் நின்றார். தரையில் கால் வைத்தார். வேனைச் சுற்றிக்கொண்டு தம் இருக்கையின் ஜன்னலுக்கு நேராக வந்து, பாதி திறந்திருந்த கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தார்.

பிறகு உள்ளங்கையை விரித்து, கடைசி ஆளும் ஏறிவிட்ட வண்டியின் நடத்துநர் அடிப்பதுபோல, வேனின் தகரத்தில் இரண்டு முறை ஓங்கி அடித்தார்.