கயத்தாறு தாண்டாத கார்

எங்க தொழில்ல நல்லா ஓடுற வண்டியை நாங்க பாக்கிறதே இல்ல; நின்னுபோனது மட்டும்தான் எங்களைத் தேடி வரும். பழைய டர்போ டீசல் கார் வச்சிருக்கிற மகராசன்களா, நீங்க பட்டதை நானும் பட்டிருக்கேன், கேளுங்க.

டர்போ மேல பழி

விளாத்திகுளம் பக்கம் மிளகாய் போடுற ராமசுப்பு அண்ணாச்சி, டிராக்டர்ல கயிறு கட்டி காரைக் கோவில்பட்டிக்கு, என் ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்துட்டு வந்தார். அவர் வீட்டம்மா பேச்சியம்மாளுக்கு கிட்னி கோளாறு. வாரத்துக்கு ரெண்டு தரம் திருநெல்வேலிக்குப் போய் ரத்தம் சுத்தம் பண்ணணும். பண்ணி முடிச்சா அந்தம்மாவுக்கு நிக்க ஏலாது, பஸ்ஸுக்கு வழியில்ல. இந்தக் கார்தான் கதி. அதுவோ நல்லாத்தான் கிளம்பும். கயத்தாறு பக்கம் வந்ததும் பொசுக்குனு அணைஞ்சிரும்.

இஞ்சினுக்குக் காத்தை அழுத்தி அனுப்புற டர்போ, அதோட பைப்பு, உள்ள இருக்கிற காத்தாடி எல்லாம் கழட்டிப் பாத்தேன். ஒரு குறையும் இல்ல. ஆனா எதிர்த்த டீக்கடையில நின்ன அத்தனை பேரும் டர்போதான்னு தீர்ப்பு எழுதிட்டாங்க. ஒருத்தர் கிளாஸைக் கீழ வைக்காமலே சொன்னார்: "கழட்டி எறிஞ்சிட்டு ஓட்டுங்க அண்ணாச்சி, உங்க டிராக்டர் என்ன டர்போ கேட்டா உழுது?"

கடையில நல்ல பிள்ளை

கம்ப்யூட்டர் மிஷினை மாட்டினேன். இஞ்சினுக்கு டீசல் பத்தலைன்னு காட்டுச்சு. பில்டரை மாத்தினேன், குழாயெல்லாம் ஊதிப் பாத்தேன். நின்ன இடத்துலயே ரெண்டு மணி நேரம் ஓடவிட்டேன். சமத்தா ஓடுச்சு. சரியாப்போச்சுன்னு அனுப்பிட்டேன்.

மறுவாரம் போன். கயத்தாறு தாண்டல; வண்டி மறுபடி எடுக்கையில ஆஸ்பத்திரி நேரம் போயிருச்சு. அன்னைக்கு அந்தம்மா ஆஸ்பத்திரிக்குப் போகவே முடியல. சாயங்காலத்துக்குள்ள காலும் முகமும் வீங்கிட்டாம். நாளைக்குக் காலையில பத்து மணிக்குள்ள வந்தே ஆகணும்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. அண்ணாச்சி என்னைத் திட்டியிருந்தா மனசு ஆறியிருக்கும். அவர் மெதுவாச் சொன்னார்: "உங்க கடையில ஓடுற வண்டி எனக்கு எதுக்கு, ஆஸ்பத்திரிக்கு ஓடணும்லா."

பின்சீட்டுக் காது

மறுநாள் காலையில அவங்க போற வழியில நானும் முன்சீட்டுல ஏறிட்டேன். அண்ணாச்சி ஓட்டுதார், பேச்சியம்மாள் பின்னால சாஞ்சு கிடக்காவ. கயத்தாறுக்கு முன்னாடியே இஞ்சின் ரெண்டு இழுப்பு இழுத்து நின்னுட்டு. மணி ஒம்பதேகால். பானெட்டைத் தூக்கினேன். அண்ணாச்சி வழக்கம்போல பின்னால போய் டேங்க் மூடியைத் திறந்தார். டீசல் அளவு காட்டுற முள்ளு வேலை செய்யாததால, வண்டி நின்னா முதல்ல அவருக்கு டீசல் தீந்துட்டோன்னுதான் சந்தேகம்.

அப்பத்தான் அந்தம்மா, கண்ணை மூடுனபடியே எனக்குக் குரல் கொடுத்தாவ: "நீங்க அங்கன என்னத்தைத் தேடுதீங்க? இவிய மூடியைத் திறந்தா ஸ்ஸுன்னு காத்து உள்ள போகும், பொறவுதான் வண்டி எடுக்கும், ஒவ்வொரு தடவையும் கேட்டுக்கிட்டுத்தான கிடக்கேன்."

மூடி

மூடியை வாங்கிப் பாத்தேன். டீசல் குறையக் குறைய டேங்குக்குள்ள காத்து போறதுக்கு அதுல ஒரு சின்ன ஓட்டை உண்டு. அதை யாரோ பசை வச்சு, கல்லு மாதிரி அடைச்சிருந்தாங்க. காத்து போகாம டேங்க் டீசலைப் பிடிச்சு வச்சிக்கிட்டது. சும்மா நின்னு ஓடுறப்போ டீசல் கொஞ்சம்தான் செலவாகும். அதான் என் கடையில தெரியல.

"யாரு அண்ணாச்சி இதை அடைச்சது?"

"நான்தான். கரிசல் தூசி ஒரு பொட்டு டேங்குக்குள்ள போகக் கூடாதுன்னு போன வருசம் டேங்கைக் கழுவினப்போ நீங்கதான சொன்னீய?"

சொன்னேன்தான். ஓட்டையைக் கம்பியால குத்தித் திறந்தேன். வண்டி எங்கயும் நிக்கல; பத்துக்கு அஞ்சு நிமிசம் இருக்கையில ஆஸ்பத்திரி வாசல்ல இறங்கினோம். சக்கர நாற்காலியில உக்காரும்போது பேச்சியம்மாள் என் பக்கம் திரும்பினாவ: "இவியகிட்ட இனிமே எதையும் பாதியாவே சொல்லுங்க, முழுசாச் சொன்னா அதுக்கு மேலேயும் செஞ்சிருவாவ."

இப்பல்லாம் நின்னுபோன வண்டி வந்தா, பானெட்டைத் திறக்கிறதுக்கு முன்னாடி பின்சீட்டுல வந்தவங்களுக்கு ஒரு டீ சொல்லிட்டு, அவங்க வாயைத்தான் முதல்ல திறக்க வைக்கேன்.