கேட் சோதனைக்காரி மறைத்த கட்டி

எனக்கு எழுத வராது. தமிழ்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு சரி. மறதியும் உண்டு. முன்னுக்குப் பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மலாயாவில் அவசரகாலத்தில், ஜாசின் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தார்கள். காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு யாரும் அரிசி கொண்டுபோகக் கூடாது என்று, காலையில் பால் எடுக்கப் பால்மரம் வெட்டப் போகிறவர்களைக் கேட்டில் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். ஆண்களை மாத்தா, அதாவது போலீஸ்காரர், பார்ப்பார். பெண்களுக்கு ஒரு பெண் வேண்டும். தோட்டத்துக் கணக்கு பார்க்கும் கிராணி என்னைக் காட்டி, "இது வாயில்லாத பிள்ளை, யார்கூடவும் சண்டைக்குப் போவாது" என்றார். அதுதான் என் தகுதி.

எனக்கோ வெட்கம். அடுத்தவர் உடம்பைத் தொடும்போது கண்ணை மூடிக்கொள்வேன். "என்னடி, சோதனை போடுறியா, சாமி கும்பிடுறியா?" என்று அஞ்சலை அக்கா வரிசையையே சிரிக்க வைப்பார். அரிசி கடத்துகிறவர்களுக்கு என்னைப் போல ஒருத்தி கிடைத்தது அதிர்ஷ்டம்தான்.

ஒரு நாள் அந்த அக்காவின் இடது மார்பில் கடினமாக ஒன்று என் கையில் பட்டது. பாக்கு அளவு. எதையோ ஒளித்து வைத்திருக்கிறார் என்று நினைத்து, "என்னக்கா இது? மாத்தா பார்த்தா பிடிச்சிக்கிட்டுப் போயிடுவான்" என்று காதில் சொன்னேன்.

"அரிசியும் இல்ல, ஒண்ணும் இல்லலா. என் ஒடம்புதான். பால் கட்டுன கட்டி. வலிக்கவே இல்ல. வலிச்சாத்தானே வியாதி?"

எனக்கும் அது சரியாகப் பட்டது. சரி என்று வைத்துக்கொண்டால் யாரிடமும் போய்ப் பேச வேண்டியதில்லையே! தினமும் காலையில் என் கை அதைத் தொட்டது. அக்காவின் புருஷனுக்குக்கூடத் தெரியாதது எனக்குத் தெரியும். இரண்டு மாதம் வாயைத் திறக்கவில்லை. எலுமிச்சை அளவுக்கு வந்த பிறகுதான் பயந்துபோய்த் தோட்டத்து மருந்துக்கூடத்தில் மருந்து கொடுக்கும் டிரெஸரிடம் சொன்னேன். அவர் அக்காவை வரவழைத்துப் பார்த்தார்.

"புத்து மாதிரி தெரியுது. உடனே மலாக்கா பெரியாஸ்பத்திரிக்குப் போவணும்" என்றார்.

புற்று என்றதும் எனக்கு வேறு பயம். வீட்டுக்கு ஓடி ஏழெட்டுத் தடவை சவுக்காரம் போட்டுக் கை கழுவினேன். மறுநாள் அக்கா வந்தபோது தொடாமலே, "போங்கக்கா" என்று தள்ளி நின்று கையை ஆட்டினேன். அதைப் பார்த்ததும் பின்னால் நின்ற பெண்கள் ஓரடி விலகினார்கள்.

அக்கா சிரிக்கவில்லை. "தெனம் தொட்ட நீயே தொடல. ஆஸ்பத்திரியில எவடி தொடுவா? கத்தி பட்டா ஒடம்பு பூரா பரவிடுமாம். நான் போவல" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டார்.

கேட்டில் நடந்ததைக் கேள்விப்பட்டு டிரெஸர் என்னைக் கூப்பிட்டு ஏசினார். "தொட்டா ஒட்டிக்கும்னா ரெண்டு மாசமா தொட்டவ நீ, நீதான மொதல்ல படுத்திருக்கணும்? அம்மைன்னு நெனச்சியா? கத்தியால பரவாது, வெட்டாம வச்சிருந்தாத்தான் பரவும். நீ கெடுத்தத நீயே சரி பண்ணு."

அடுத்த நாள் கேட்டில் அக்காவை நிறுத்தினேன். கண்ணைத் திறந்துகொண்டு, எல்லாரும் பார்க்க, தலையிலிருந்து கால்வரை தடவினேன். டிரெஸர் சொன்னதை உரக்கச் சொல்ல மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். பாதியில் அழுகை வந்துவிட்டது.

"ரெண்டு மாசமா தொட்டேன்க்கா, எனக்கு ஒண்ணும் ஆவல. போய் வெட்டிக்கிட்டு வாங்கக்கா."

"ஐயோ விடுடி, கூசுது! போறேன், போறேன். நீ அழுது என் சீலைய நனைக்காத."

அந்த வாரமே தோட்டத்து லாரியில் போனார். ஒரு மார்பை எடுத்துவிட்டார்கள். சில மாதம் கழித்து மறுபடி வேலைக்கு வந்த அன்று, என் கையில் மெத்தென்று ஒன்று பட்டது. இலவம்பஞ்சு வைத்துத் தானே தைத்துக்கொண்டிருந்தார்.

"பிரிச்சுப் பாக்குறியா? உள்ள அரிசி இருந்தாலும் இருக்கும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இவ்ளோ நாள் ஏன் வரலன்னு பெரிய டாக்டர் ஏசுனாரு. வலிக்கலங்கய்யான்னேன். ஒன் பேர சொல்லல" என்றார்.

அதன் பிறகும் பல வருடம் அக்கா மரம் வெட்டினார். ஆனாலும் டாக்டர் கேட்ட அந்தக் கேள்வி எனக்கும் சேர்த்துத்தான். வலிக்காத கட்டியையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். பக்கத்தில் இருப்பவருக்குத் தெரிந்தால் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள்.

நோயைப் பற்றி நான் எழுதியது சரியா என்று, டாக்டருக்குப் படித்த பிள்ளைகள் யாராவது பார்த்துத் திருத்துங்கள். அந்த இரண்டு மாதத்தை மட்டும் குறைத்துப் போட வேண்டாம். அது எனக்கு மறக்கவில்லை.