ஏழாவது படகுத்துறை

அசகுசா வட்டாரத்தில் முடிவெட்டும் கடை வைத்திருந்த இசோகிச்சிக்கு ஒரே ஒரு பைத்தியம். ஏரிக்கரைப் படகுத்துறை ஒன்றை மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்த பழைய படம். ஒருமுறை வாங்கியதோடு நிறுத்தியிருந்தால் யாருக்கும் தொந்தரவில்லை. மனுஷன் ஆறு முறை வாங்கினார்! ஏழாவதைக் கிமோனோவின் தொளதொளக் கைக்குள் ஒளித்துக்கொண்டு, புதுமாப்பிள்ளைபோல இளித்தபடி வீட்டுக்குள் நுழைந்தபோது மனைவி கினு பசை கிளறிக்கொண்டிருந்தாள். புத்தாண்டுக்குள் வீட்டின் காகிதத் தள்ளுகதவுகளுக்குப் புதுத்தாள் ஒட்டியாக வேண்டும்.

“கைல என்னங்க?”

“ஒண்ணுமில்லயே.”

“ஒண்ணுமில்லாததுக்கா இந்தச் சிரிப்பு? எடுங்க வெளிய.”

எடுத்தார். கினு தலையில் அடித்துக்கொண்டாள்.

“அதே துறை, அதே படகு, அதே மொட்டைப் பைன் மரம்! நாட்டுல வேற ஏரியே இல்லயா?”

“கட்டைதான் ஒண்ணு, கினு. வானத்து மையை அச்சுக்காரன் ஒவ்வொரு தாளுக்கும் புதுசா தடவி, ஈரத்துணியால துடைச்சு விடுவான். ஒண்ணு மாதிரி இன்னொண்ணு வராது. பார்த்தாலே தெரியும்.”

“எனக்கும் கண்ணு இருக்கு. ஏழு படத்தையும் பரப்புங்க. வித்தியாசம் தெரிஞ்சா வெச்சுக்கங்க. தெரியலேன்னா, கதவுத்தாளுக்கு அடியில ஒட்டப் பழைய காகிதம் வேணும், ஏழும் அங்க போகுது. சரியா?”

வாய்க்கொழுப்பு சும்மா இருக்குமா? “சரி!” என்றுவிட்டார்.

பாயில் ஏழு படங்கள். கினு பசைத் தூரிகையோடு குனிந்தாள். முதல் படத்துக்கு உதட்டைப் பிதுக்கினாள். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் அதே பிதுக்கல்தான். ஆறாவதில் கொட்டாவியே விட்டாள். இசோகிச்சிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ஏழாவதில் கருநீலம் வானத்து உச்சியில் அழுந்தத் தடவப்பட்டு, பாதி ஏரிவரை இறங்கியிருந்தது.

“அடக்கடவுளே!”

தூரிகையைச் சட்டியில் போட்டுவிட்டுக் கினு பின்வாசலுக்கு ஓடினாள். இசோகிச்சி பதறிப்போய்ப் பின்னால் ஓடினார். அவள் மூங்கில் கழியில் காய்ந்துகொண்டிருந்த கடைத் துண்டுகளைச் சரசரவென்று உருவிக்கொண்டிருந்தாள்.

“எதுக்கு எடுக்கற?”

“மழை வருதுல்ல!”

வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது. கினு அண்ணாந்து பார்த்தாள். கையிலிருந்த துண்டுகளைப் பார்த்தாள். முகம் சிவந்துவிட்டது. இசோகிச்சி பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப்பார்க்க அங்கேயே குதித்துக் குதித்து ஆடினார். அப்பப்பா, அப்படி ஒரு ஆனந்தம்!

“ஆடினது போதும். பழைய செய்தித்தாள் இருந்தா கதவுக்குக் கொண்டாங்க.”

அவர் கொண்டுவந்தபோது கினு பாயில் சப்பணம் போட்டு உட்கார்ந்து ஏழு படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பசை ஆறிக் கட்டியாகிவிட்டது.

“ஏங்க,” என்றாள் தலை நிமிராமல், “மழை விட்டப்புறம் மாதிரி அடிச்சது ஏதாவது கிடைக்குமா?”